இல்லாத கிளட்ச்

எங்கள் பழைய வண்டிகளை நகராட்சி
நவம்பரில் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.
பதிலுக்குச் சார்ஜரில் கட்டிய ஏழு வெள்ளை வண்டிகள்,
சாவி இருந்த இடத்தில் ஓர் அட்டை.
கையேட்டைப் பிரிக்க நேரமில்லை.
வெஸ்தரோலனில் விடியாத காலை:
ஆறரைக்கு ஒரு இன்சுலின்,
ஏழுக்குள் பாலத்துக்கு அப்பால் ஒரு கால் கட்டு,
ஏழரைக்கு ஐவின்ட்.

பத்தொன்பது வருஷமாக
என் வலது கைக்கு ஒரு உத்தியோகம் இருந்தது.
எண்கள் தேய்ந்து அழிந்த உருண்டையைப் பிடித்து
மேட்டுக்கு மூன்று, வளைவுக்கு இரண்டு,
உறைந்த இறக்கத்துக்கு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஒன்று.
ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்கவேண்டும்.
அதில் ஒரு மரியாதை இருந்தது,
பின்வாங்குமுன் அனுமதி கேட்பது மாதிரி.

இப்போது அங்கே காபிக் கோப்பைக்கு ஒரு குழி.
முதல் வாரம் முழுக்க
என் கை அந்தக் குழிக்குள் இறங்கி
வெறும் விரல்களோடு திரும்பி வந்தது.
இடது கால் இன்னும் மோசம்.
இல்லாத கிளட்ச்சைத் தேடி ஓங்கி மிதித்ததில்
அகப்பட்டது பிரேக்.
மருந்துப் பெட்டி முன்னால் பாய்ந்தது.
பின்னால் வந்த மீன் லாரிக்காரன்
விளக்கை இரண்டு முறை அடித்தான்.
திட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கியர் எங்கே என்றால்
ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், ஒரு குச்சி.
மேலே தட்டினால் பின்னால் போகும்,
கீழே தட்டினால் முன்னால்,
நுனியைக் குத்தினால் நிற்கும்.
எந்த ஊர் நியாயம் இது?
பழைய வண்டியில் அதே இடத்தில், அதே நீளத்தில்
வைப்பர் இருந்தது.

பனி கொட்டிக் கண்ணாடி வெளுத்த அன்று
கை தன்பாட்டுக்குக் குச்சியைத் தட்டிவிட்டது.
வண்டி ஒரு மணியடித்து
‘இப்போது முடியாது’ என்று எழுதிக் காட்டியது.
பனி அப்படியே இருந்தது.
என்னிடமிருந்த கெட்ட வார்த்தைகளில் பாதி
அந்தப் பாலத்திலேயே தீர்ந்தது.

ஐவின்டுக்கு ஆகஸ்டில் வலப்பக்கம் விழுந்துவிட்டது.
படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கை அது.
தினமும் இடது கையில் கரண்டியைக் கொடுத்து
“அவசரமே இல்லை, கை பழகிக்கொள்ளும்” என்று
சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.
அந்தக் குரலின் இனிப்பு
இப்போதுதான் எனக்கே பல்லில் கூசுகிறது.

டிசம்பர் பதினொன்று, அவர் வீட்டு வாசல்.
முன்னால் போகத்தான் தட்டினேன்.
வண்டி சத்தமே இல்லாமல்
வெகு அடக்கமாகப் பின்னால் போய்
தபால் பெட்டியைப் பனிமேட்டுக்குள் புதைத்தது.
ஜன்னலில் அவர், கையில் கரண்டி.
வாயின் ஒரு பாதி சிரித்தது,
மறுபாதி வந்துசேரட்டும் என்று காத்திருப்பது போல.

உள்ளே போய் மன்னிப்புக் கேட்டேன்.
“தோர்... ஹில்ட்,” என்றார்,
என் பெயரை நடுவில் ஒருமுறை இறக்கிவைத்து.
“அவ... சரமே... இல்லை.”

நகராட்சிப் படிவத்தில் ‘விபத்தின் காரணம்’ என்று ஒரு கட்டம்.
‘கை’ என்று எழுதினேன்.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.

எப்போது சரியானது என்று சொல்லத் தெரியவில்லை.
பிப்ரவரியில் ஒருநாள் பாலத்தைத் தாண்டியபின்தான்
எதையும் யோசிக்காமல் வந்திருக்கிறேன் என்று உறைத்தது.
இடது கால் ஓரமாகக் கிடந்தது,
சீட்டு வாங்காமல் ஏறிய பயணி போல.

ஜூனில் விறகு ஏற்ற
தம்பி ஸ்தூரேயின் டீசல் வண்டியை இரவல் வாங்கினேன்.
இரவு பதினொன்றரை, நல்ல வெயில்.
எஞ்சின் உறுமியது; எனக்கே கொஞ்சம் திடுக்கென்றது.
கிளம்பலாம் என்று கை
குச்சியைக் கீழே தட்டியது.

வண்டி நகரவில்லை.
ஒரு துளி மழை இல்லாத கண்ணாடியில்
வைப்பர் மட்டும்
வறட் வறட்டென்று
வேலைக்குக் கிளம்பியது.